டபிள்யூ.டி.எஸ். 4 : ஒரு வகுப்பின் வரலாறு

இருப்புப்பாதை வரலாறு எழுதினோர் நெடுந்தொலைவு ஓடும் எஞ்சின்களையே பெரிதும் போற்றினர். யார்டுகளில் பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் வண்டி அமைத்துத்தரும் ஷண்டிங் எஞ்சின்களை அவர் மிகுதியும் கருதிற்றிலர். அவற்றுள் டபிள்யூ.டி.எஸ். 4 என்னும் வகுப்பினை ஈண்டு ஆராய்கின்றோம்.

முதலில் பெயர். முதலெழுத்து அகலப்பாதையையும், அடுத்தது டீசலையும், மூன்றாவது ஷண்டிங் பணியையும் குறிக்கும். எண்ணும் அதன்பின் வரும் எழுத்தும் உட்பிரிவைச் சுட்டுவன. இவ்வெழுத்து வரிசையைக் கால வரிசையாகவே கொள்வாரும் உளர், அது பொருந்தாது. 1961-இல் செருமனியின் கீல் நகரிலிருந்து ஏழு எஞ்சின்கள் வந்து டபிள்யூ.டி.எஸ். 3 எனப் பெயர் பெற்றன. அவற்றின் ஆற்றல் கடத்தும் அமைப்பு செவ்வையாக இயங்காமையின், 1976 முதல் 1978 வரை மாற்றி அமைக்கப்பெற்று, 4சி என்னும் புதுப்பெயர் பூண்டன. பெயர் பிந்தியது, உடல் முந்தியது. சுவடிகளின் பாடவேறுபாடு ஆராய்வார்க்கு இது புதுமை அன்று.

1950-இல் தொடங்கிய சித்தரஞ்சன் தொழிற்சாலை, நீராவி எஞ்சின்களோடு 1968 முதல் டீசல் எஞ்சின்களையும் ஆக்கிற்று. ஷண்டிங் எஞ்சின் ஒரு நாளில் எண்ணற்ற முறை நின்ற நிலையிலிருந்து பெருஞ்சுமையை அசைத்தல் வேண்டும். டீசல் பொறியைச் சக்கரத்தோடு நேரே பிணைத்தால் இது இயலாது. எனவே இடையே எண்ணெயின் விசையால் ஆற்றலைக் கடத்துவர். இத்துறையில் மன்மோகன் சூரி என்னும் இந்தியப் பொறியியலறிஞர் கண்ட அமைப்பு, அவர் பெயராலேயே சூரி அமைப்பு என வழங்கி, இவ்வகுப்பிலும் பயன்பட்டது. அவருக்கு 1962-இல் பட்நாகர் பரிசு கிட்டிற்று. உள்ளே இயங்கும் பொறி செருமானிய முறையினது. அதன் ஆற்றலைக் கடத்தியதோ நம் நாட்டார் கண்டது. ஆதலின் இதனை முழுதும் அயலது என்றலும், முழுதும் நமது என்றலும் ஆராய்ச்சியாகா என்பதே எம் கருத்து. ஆறு சக்கரங்களையும் இணைதண்டு பூட்டியிருந்தமை நீராவிக் காலத்து எச்சம்.

இதனினும் வலிய டபிள்யூ.டி.எஸ். 6 பின்னர் வந்தது. ஆயினும் எஞ்சினை எஞ்சின் வென்றது என்பது பாதி உண்மையே. 1980-களில், தனித்தனிப் பெட்டிகளை இடைவழியில் பிரித்துக் கோக்கும் முறை குறைந்து, முழு வண்டியாகவே சரக்கு அனுப்பும் முறை ஓங்கிற்று, யார்டுகள் சுருங்கின. இருப்புப்பாதை எட்டாத வல்லம் வடகால் போன்ற புதிய தொழிற்பகுதிகளின் சரக்கோ லாரிகளிலேயே புறப்படுகின்றது. சித்தரஞ்சனில் 1993-94-ஓடு டீசல் ஆக்கம் நின்றபொழுது, ஏழு வகையாக 842 எஞ்சின்கள் வெளிவந்திருந்தன.