பல்லில் தங்கிய மருந்து



சிலர் பல்லில் பழுப்புப் பட்டை இருக்கும். பல் தேய்க்காதவர் என்று கேலி பேசுவார்கள். (தருமபுரிப் பக்கம் என்றால் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு காரணமாகலாம்.) சிலருக்கோ காரணம், குழந்தையில் குடித்த மருந்து.

1948-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் டக்கர், மிசௌரி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து ஆரியோமைசினை அறிமுகப்படுத்தினார். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் அதுதான் மூத்தது. எத்தனையோ உயிரைக் காத்தது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஈறுக்குள் உருவாகும் பல்லில் அப்படியே படிந்துவிடும். முளைக்கும்போது மஞ்சள், வெளிச்சம் படப்படப் பழுப்பு. தேய்த்தால் போகுமா?

நீண்ட நாள் இம்மருந்து சாப்பிட்ட குழந்தைகளின் பல் நிறம் மாறியதை மருத்துவர்கள் 1956-இலேயே எழுதினார்கள். எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான எச்சரிக்கை அங்கே மருந்து லேபிளில் ஏறியது 1970-இல். இடையில் 14 ஆண்டுகள். அப்போது அதைக் குடித்த பிள்ளைகள் இன்று என் வயதுக்காரர்கள்.