கீலும் எண்ணெயும்



பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் நீங்கள் வகுப்பறையில் படிக்கிறீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெரியது அன்று. உங்கள் வீட்டு அலமாரியைத் திறக்கும்போது 'கிறீச்' என்று ஓர் ஒலி எழுகிறதே, அந்த ஒலியைப் பற்றியே பேசப்போகிறேன். இதற்கும் ஒரு வரலாறு உண்டா என்று நீங்கள் வியக்கலாம். உண்டு, அது நாலாயிரம் ஆண்டு நீளமுடைய வரலாறு.

இப்பொருளில் எனக்கு ஈடுபாடு பிறந்த காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய ஒரு பள்ளியில், என் அறையின் மூலையில் தேக்குமர அலமாரி ஒன்று இருந்தது. பள்ளியின் நூலகம் என்பது அந்த ஓர் அலமாரிதான். நண்பகல் இடைவேளையில் எந்த மாணவனும் உள்ளே வந்து, தானே கதவைத் திறந்து, வேண்டிய நூலை எடுத்துச் செல்லலாம் என்று நானே அறிவித்திருந்தேன். ஆயினும் வந்தவர் மிகச் சிலரே. பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டம் குறைந்துவிட்டது என்று ஆசிரியர் கூட்டத்தில் வருந்திப் பேசினேன். அலமாரியின் கீல் கத்தும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஒலிக்கும் என் வருத்தத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதுதான் தோன்றவில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கதவு எவ்வாறு சுழல்கிறது என்பதை முதலில் காண்போம். பழங்காலக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் ஒரு பக்கத்து மரம் மேலும் கீழும் சற்று நீண்டு, உருண்டையாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதற்குக் குடுமி என்று பெயர். கீழ்க்குடுமி தரையில் பதித்த கல்லின் குழியில் நிற்கும். மேற்குடுமி நிலையின் துளைக்குள் நிற்கும். நம் நாட்டுப் பழைய வீடுகளிலும் கோயில்களிலும் இத்தகைய கதவுகளை இன்றும் காணலாம். பண்டைய மெசபொட்டேமியாவிலும் இதே முறைதான் இருந்தது. கதவின் பாரம் முழுவதும் குழிக்கல்லின்மீது இறங்குவதால், அதனை உறுதியான கல்லில் செய்தார்கள். கோயில் எடுத்த மன்னர்கள் அக்கல்லில் தம் பெயரையும் பொறித்தார்கள். கி.மு. 22-ஆம் நூற்றாண்டில் லகாஷ் நகரை ஆண்ட குடேயா என்பவனின் பெயர் தாங்கிய குழிக்கற்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. கதவும் போயிற்று, கோயிலும் போயிற்று. கதவைத் தாங்கிய கல் மட்டும் நிற்கிறது.

உரோமர் நாட்டிலும் கதவு குடுமியில்தான் சுழன்றது. இலத்தீன் மொழியில் குடுமிக்குக் 'கார்டோ' என்று பெயர். எதனைச் சார்ந்து மற்றவை சுழல்கின்றனவோ அது முதன்மையானது என்ற கருத்தில், இச்சொல்லிலிருந்து 'கார்டினல்' என்ற சொல் பிறந்தது. ஆங்கிலத்தில் நான்கு பெருந்திசைகளைக் குறிக்கும் சொல்லும், கத்தோலிக்கத் திருச்சபையில் உயர்பதவி வகிப்போரைக் குறிக்கும் சொல்லும் அதுவே. கதவின் குடுமி எத்துணை உயர்ந்த இடத்துக்குச் சென்றுவிட்டது, பாருங்கள்!

அந்தக் குடுமியும் கத்தியது. கி.மு. 184-இல் மறைந்த பிளாட்டஸ் என்ற உரோம நாடகாசிரியர் எழுதிய 'குர்குலியோ' என்னும் நகைச்சுவை நாடகத்தில் ஒரு காட்சி வருகிறது. வீட்டுத் தலைவன் அறியாமல் ஒரு பெண் வெளியே வர வேண்டும். கதவோ ஒலி எழுப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கிருக்கும் கிழவி ஒருத்தி குடுமியில் சிறிது தண்ணீர் வார்த்து அதன் வாயை அடக்குகிறாள். பார்த்தவர்கள் நகைத்திருப்பார்கள், தத்தம் வீட்டுக் கதவுகளை அறிந்தவர்களாயிற்றே! ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஒலி மக்களுக்கு இடையூறாக இருந்தது என்பதற்கும், ஈரம் அதனைத் தணிக்கும் என்று எளியோர் அறிந்திருந்தனர் என்பதற்கும் இந்நாடகம் சான்று.

வீட்டுக் கதவு குடுமியில் சுழன்ற காலத்திலேயே, பெட்டி, பேழை முதலிய சிறு பொருள்களுக்குக் கீல் வந்துவிட்டது. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட துத்தங்காமனின் கல்லறை 1922-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்குக் கிடைத்த பொருள்களுள், வெண்கலக் கீல்கள் பொருத்தப்பெற்ற மடக்குக் கட்டில் ஒன்றும் உண்டு. உரோமர்கள் தம் அலமாரிகளுக்கு எலும்பினாலும் கீல் செய்தார்கள். விலங்கின் எலும்பைச் சிறு சிறு குழாய்களாக அறுத்து, பக்கத்தில் துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மரம் மட்கியபின் இந்த எலும்புத் துண்டுகள் மட்டும் மண்ணிலிருந்து வெளிப்பட்டபோது, தொல்பொருள் ஆய்வாளர் சிலர் அவற்றைப் புல்லாங்குழல்கள் என்று எண்ணிவிட்டனர். கீலை இசைக்கருவி என்று கொண்டது பிழைதான். ஆயினும் கீலின் ஒலிக்கும் இசைக்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த உறவைக் காண, உராய்வைப் பற்றி அறிஞர்கள் கண்டதை அறிதல் வேண்டும்.

இத்தாலியின் ஓவிய மேதை லியனார்டோ டா வின்சி 1493-ஆம் ஆண்டளவில் தம் குறிப்பேட்டில் உராய்வைப் பற்றி எழுதினார். பாரம் இரு மடங்கானால் உராய்வும் இரு மடங்காகும் என்பதை அவர் கண்டார். ஆனால் அக்குறிப்புகள் அவர் காலத்தில் வெளிவரவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1699-இல், பிரெஞ்சு அறிஞர் கில்லோம் அமோந்தோன் அதே விதிகளைத் தாமே கண்டு பாரிசிலிருந்த அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். இவர் இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர். கதவின் ஓசையைக் கேட்க இயலாதவர், அந்த ஓசைக்குக் காரணமான உராய்வின் விதிகளை உலகுக்கு அளித்தார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது.

அவருக்குப்பின் வந்தவர் கூலோம். மின்னியல் பாடத்தில் நீங்கள் அறிந்த அதே கூலோம்தான். படைத்துறைப் பொறியாளராகிய இவர் உராய்வைப் பற்றி எழுதிய ஆய்வுரைக்கு 1781-இல் பாரிசு அறிவியல் கழகத்தின் பரிசு கிடைத்தது. அசையாமல் கிடக்கும் பொருளை அசைக்கத் தேவைப்படும் விசை வேறு, அசைந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படும் விசை வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். பெரும்பாலும் முன்னதே மிகுதி. மரத்தோடு மரம் பொருந்தி நெடுநேரம் கிடந்தால் அந்தப் பற்று மேலும் மிகுகிறது என்பதையும் சோதித்து அறிந்தார்.

அலமாரியின் கூச்சல் இந்த வேற்றுமையிலிருந்துதான் பிறக்கிறது. கீலுக்குள் ஓர் ஆணியும் அதைச் சூழ்ந்த குழாயும் உள்ளன. உலர்ந்த நிலையில் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நாம் கதவை இழுக்கிறோம், விசை சேர்கிறது, ஓர் எல்லையில் பற்று விட்டு வழுக்குகிறது. வழுக்கியதும் சேர்ந்த விசை தணிகிறது, மீண்டும் பற்றுகிறது. இவ்வாறு பற்றுவதும் வழுக்குவதும் ஒரு நொடிக்குள் பல நூறு முறை நிகழ்கின்றன. அந்த அதிர்வு கதவுப் பலகைக்கு ஏற, பலகை அதனைப் பெருக்கி ஒலிக்கிறது. வயலின் வில்லும் நரம்பும் இதையே செய்கின்றன. வில்லில் பிசின் தடவுவது பற்று மிகுவதற்காக. கீலில் எண்ணெய் இடுவது பற்றுக் குறைவதற்காக. இன்னொன்றையும் கவனியுங்கள். ஓசை எழக்கூடாதே என்று அஞ்சி மெல்லத் திறந்தால், கதவு பெரும்பாலும் நீளக் கத்தும். விரைவாகத் திறந்தால் பற்றுவதற்கு நேரமின்றி ஓரளவு அடங்கிவிடும். அஞ்சித் திறப்பவனையே கீல் மிகுதியாகக் காட்டிக்கொடுக்கிறது.

இனி, எண்ணெயின் கதை. எகிப்தில், கி.மு. 19-ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த ஜெகுத்திஹோட்டப் என்னும் தலைவனின் கல்லறையில் ஓர் ஓவியம் இருந்தது. 170-க்கும் மேற்பட்டோர் நான்கு வரிசையாக நின்று, மாபெரும் சிலை ஏற்றிய சறுக்குமரத்தை இழுக்கிறார்கள். அதன் முன்புறத்தில் நின்று ஒருவன் மணலில் ஏதோ நீரை வார்க்கிறான். இது வெறுஞ்சடங்கு என்று கருதியவர்களும் உண்டு. 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணலில் பொருளை இழுத்துச் சோதித்தார்கள். தகுந்த அளவு ஈரம் இருந்தால் இழுக்கும் விசை ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்று கண்டார்கள். அங்கே ஈரம், பின்னர் நெய்யும் கொழுப்பும் எண்ணெயும். நம் நாட்டில் வண்டிக்காரர்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு இட்டார்கள். வண்டி மை என்றும் மசகு என்றும் அதனைக் கூறுவர். அதே ஆமணக்கு எண்ணெய் முதல் உலகப்போரில் ஆகாயவிமானங்களின் எஞ்சின்களிலும் பயன்பட்டது. 1909-இல் வந்த 'காஸ்ட்ரால்' என்ற பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரைத் தழுவியதே.

எண்ணெய் என்ன செய்கிறது என்பதை அறிஞர் அறிந்தது மிகப் பிற்காலத்தில்தான். இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் இரயில்வண்டி அச்சுத் தாங்கிகளைச் சோதித்து 1883-இல் அறிக்கை வெளியிட்டார். தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக அவர் ஒரு துளையிட்டார். அச்சுச் சுழன்றபோது எண்ணெய் உள்ளே செல்வதற்கு மாறாக வெளியே பொங்கிற்று. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பால் அடைத்தார், அதுவும் வெளியேறியது. அளந்து பார்த்தால், சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தம்! வண்டியின் பாரத்தை இரும்பு தாங்கவில்லை, இடையில் பரவிய எண்ணெய்ப் படலமே தாங்கியது என்பது அதனால் விளங்கிற்று. ஆனால் அலமாரிக் கீல் மெதுவாகச் சுழல்வது. அங்கு அத்தகைய அழுத்தம் தோன்றாது. அதற்கு விடை கண்டவர் வில்லியம் ஹார்டி. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய எண்ணெய் ஏடு ஒன்று உலோகத்தில் ஒட்டிக்கொண்டாலே உராய்வு தணிந்துவிடும் என்று 1920-களில் அவர் காட்டினார். ஆதலால் கீலுக்கு ஒரு துளியே போதும்.

இந்த அறிவை வீட்டில் பயன்படுத்தும் முறையையும் சொல்கிறேன். ஒலி கேட்டவுடன் எண்ணெயைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். திருகாணி தளர்ந்து கதவு சாய்ந்திருந்தால், முறுக்கினால் போதும். துளை தேய்ந்திருந்தால், மூங்கில் சிம்பில் பசை தடவித் துளைக்குள் செருகி, மீண்டும் முறுக்குங்கள். துருவோ வண்ணப்பூச்சோ அடைத்திருந்தால், கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கழற்றக்கூடிய ஆணியாயின் கழற்றித் துடையுங்கள். வெறும் உலர்வுதான் காரணம் என்றால், ஆணியின் தலையில் ஒரு துளி விட்டு, கதவைப் பலமுறை திறந்து மூடி, மிகுந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் தூசி சேர்ந்து மீண்டும் இறுகும். எளிதில் உலராத விளக்கெண்ணெய் இதற்கு ஏற்றது. தேங்காயெண்ணெய் குளிரில் உறைந்துவிடும். வண்ணம் குழைக்கப் பயன்படும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து கெட்டியாவது. அதனைக் கீலுக்கு இடலாகாது.

இனி என் அலமாரிக்கு வருகிறேன். ஒரு நாள் நண்பகலில், எங்கள் பள்ளியின் தச்சுப் பயிற்சி ஆசிரியர் என் எதிரில் அமர்ந்திருந்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்தான். அலமாரிக் கதவை மிக மெல்ல இழுத்தான். அது நீளக் கத்தியது. நான் வழக்கம்போல் தலை நிமிர்ந்து, கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தேன். அவன் எந்த நூலையும் எடுக்காமல் கதவை மூடிவிட்டு, "ஒன்றுமில்லை, ஐயா" என்று சொல்லிப் போய்விட்டான்.

தச்சு ஆசிரியர் சொன்னார்: "ஐயா, கீல் கூப்பிடுகிறது; தாங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். பையன் திருடனைப்போல் நிற்க வேண்டியிருக்கிறது. பிறகு எப்படி வருவான்?"

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவர் விளக்கெண்ணெய் கொண்டுவரச் செய்து, ஒரு கோழி இறகின் நுனியில் தொட்டு, நான்கு கீல்களுக்கும் இட்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பல ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருந்த ஒலி நின்றுவிட்டது. அன்று மாலையே என் நாற்காலியையும் அலமாரிக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஏனெனில் குறை கீலில் மட்டும் இல்லை. அதன்பின் எல்லா மாணவரும் படிப்பாளிகளாகிவிட்டனர் என்று சொல்லமாட்டேன். ஆனால் நூல் எடுத்தவர் பெயர் எழுதும் பதிவேட்டில் வரிகள் கூடின. ஒன்றுமில்லை என்று சொல்லிச் சென்ற மாணவனின் பெயரும் அதில் இருந்தது.

1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் என்பவர் தலைமையிலான குழு ஓர் அறிக்கை அளித்தது. உராய்வையும் தேய்மானத்தையும் முறையாகக் கவனித்தால் அந்நாடு ஆண்டொன்றுக்கு 515 மில்லியன் பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று அது மதிப்பிட்டது. உராய்வியல் என்னும் துறைக்குத் தனிப் பெயரும் அப்போதுதான் ஏற்பட்டது. நாட்டின் இழப்பை அக்குழு பவுண்டில் கணக்கிட்டது. என் அலமாரி கத்திய ஆண்டுகளில் எத்தனை மாணவர்கள் வெறுங்கையோடு திரும்பினர் என்பதை எந்தப் பதிவேட்டிலும் நான் காண முடியாது.

நாளை உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு கதவு கத்தினால், அது யாரைத் தடுக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிறகு ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.