புள்ளிக் கோலமும் கம்பளித் தொப்பியும்: குளிர்காலப் பின்னலுக்குச் சொந்தமாக ஒரு வடிவம்

திராமன், ஒஸ்லோவில் இருந்து 40 கிலோமீற்றர் தொலைவில், பள்ளத்தாக்கின் அடியில் ஆறு ஓடும் ஊர். கார்த்திகை பிறந்துவிட்டால் ஆற்றில் இருந்து எழும்பும் ஈரக்குளிர் உடுப்புக்குள் புகுந்துவிடும். பார்னஹாகேயில் மழையென்றாலும் பனியென்றாலும் பிள்ளைகளை வெளியில் விளையாட விடுவார்கள். அதனால் இங்கு பிள்ளை வளர்த்த எவரும் முதலில் கற்றுக்கொள்வது கம்பளியின் அருமையைத்தான். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டையும் சேர்த்து இழுத்துவிடும். கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

நம் வீட்டுப் பெண்களில் பலர் இந்தக் கைவேலையை இங்கு வந்தே பழகினார்கள். கடையில் கிடைக்கும் வடிவத்தைப் பார்த்துப் பின்னுவதில் கைதேர்ந்தவர்கள் நிறையப்பேர். தாமாக ஒரு வடிவத்தை வரையத்தான் தயங்குகிறார்கள். "பாரம்பரியம்" என்று நோர்வே பெருமைப்படும் வடிவங்களையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் முதன்முதலில் பின்னியே இருக்கிறார்.

செல்பு கையுறை அதற்கு நல்ல உதாரணம். துரொன்ட்ஹெய்முக்கு அருகில் உள்ள செல்பு என்ற கிராமத்தில், 1857 இல், மாரித் குல்செத்புருவா என்ற பதின்ம வயதுப் பெண் கறுப்பு, வெள்ளை என இரண்டு நூல்களால் எட்டிதழ்ப் பூவைக் கையுறையில் பின்னி, தேவாலயத்துக்கு அணிந்துகொண்டு போனார். ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள், பின்னத் தொடங்கினார்கள். பின்னாளில் அந்தக் கிராமத்துக்கு அது ஒரு வருமானத் தொழிலாகவே மாறியது. இன்று செல்பு நகரசபையின் சின்னத்தில் அந்தப் பூக்கள் மூன்று இருக்கின்றன. 1929 இல் அன்னிக்கென் சிபர்ன் போன் என்பவர் இப்படிப்பட்ட வடிவங்களைத் தேடித் திரட்டிக் கட்டம் போட்ட தாளில் வரைந்து நூலாக வெளியிட்டார். இல்லாவிட்டால் பாட்டிமாரின் கையோடு பல வடிவங்கள் போயிருக்கும்.

பின்னல் அரசியலாகவும் இருந்திருக்கிறது. யேர்மனியர் நோர்வேயை ஆக்கிரமித்திருந்தபோது மக்கள் சிவப்புக் கம்பளித் தொப்பி அணிந்து தம் எதிர்ப்பைக் காட்டினார்கள். 1942 பெப்ரவரி 26 முதல் அந்தத் தொப்பி தடைசெய்யப்பட்டது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை அணிந்தால் பெற்றோரே பொறுப்பு என்று அறிவித்தார்கள். ஒரு தொப்பிக்குப் பயந்த ஆட்சியாளர்களின் கதையை நம் பிள்ளைகளுக்கும் சொல்லலாம், அவர்களுக்கு உடனே விளங்கும்.

சரி, சொந்த வடிவத்துக்கு வருவோம். நம் கையில் ஏற்கனவே ஒரு வரைதாள் இருக்கிறது: புள்ளிக் கோலம். தைப்பொங்கலன்று முற்றத்தில் மாவால் போட்ட அதே புள்ளிகளைக் கண்ணிகளாக எண்ணினால் போதும். ஊசியில் விழும் வளையத்தைத்தான் கண்ணி என்கிறேன். நோர்வே மொழியில் மாஸ்கெ. எல்லாக் கோலமும் சரிவராது. புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் சிக்குக் கோலம் சிறிய பின்னலில் படிக்கட்டுப் போல உடைந்து தெரியும். ஆறுமுனை நட்சத்திரமும் கட்டங்களுக்குள் ஒழுங்காக நிற்காது. நேர்கோடுகளால் ஆன சதுரமும் சாய்சதுரமும் எட்டுமுனை நட்சத்திரமும் அழகாக வரும்.

முதலில் மாதிரித் துண்டு. பலர் பொறுமையில்லாமல் தவிர்ப்பது இதைத்தான். பாவிக்கப்போகும் இரண்டு நிற நூலாலும் 15 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு துண்டு பின்னி, கழுவி, காயவைத்து, நடுவில் 10 சென்ரிமீற்றரை அளந்து எண்ணுங்கள். ஒரு நிறத்தில் பின்னிய துண்டை நம்பக்கூடாது. இரண்டு நிறப் பின்னல் பெரும்பாலும் இறுக்கமாக வரும். 22 கண்ணி, 28 வரிசை என்று வந்ததாக வைப்போம். 50 சென்ரிமீற்றர் தலைச் சுற்றளவுள்ள பிள்ளைக்குத் தொப்பி 44, 45 சென்ரிமீற்றர் இருந்தால் போதும், கம்பளி இழுபடும். 96 கண்ணி போட்டால் ஏறத்தாழ 43.6 சென்ரிமீற்றர் வரும். 96 ஐ 12 ஆல் பிரித்தால் மிச்சமின்றி 8. ஆகவே கோலத்தின் அகலம் 12 கண்ணி.

1, 3, 5, 7, 5, 3, 1 என்ற சாய்சதுரப் புள்ளிகளை எடுங்கள். 7 கண்ணி கோலத்துக்கு, 5 கண்ணி இடைவெளிக்கு. இங்கே ஒரு சிக்கல் உண்டு. கண்ணி சதுரமானதல்ல, உயரத்தைவிட அகலம் கூடியது. 7 கண்ணியின் அகலம் 3.2 சென்ரிமீற்றர், 7 வரிசையின் உயரமோ 2.5 தான். தாளில் செம்மையாக இருந்த கோலம் தொப்பியில் அமுங்கிப்போன மாதிரித் தெரிவது இதனால்தான். நடு வரிசையை மூன்று முறை பின்னி மொத்தம் 9 வரிசையாக்கினால் உயரமும் 3.2 ஆகிவிடும்.

இன்னொன்று, பின்பக்கம் ஓடும் நூல். உச்சி வரிசையில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 11 கண்ணி இருக்கிறது. அவ்வளவு நீளத்துக்கு நூல் தொங்கினால் பிள்ளையின் விரலோ காதணியோ மாட்டிக்கொள்ளும். இடைவெளியின் நடுவில் ஒரு தனிப் புள்ளி வையுங்கள், இரண்டு பக்கமும் ஐந்து ஐந்தாகப் பிரிந்துவிடும். கோலத்துக்கும் அது அழகுதான். மேலே எட்டுப் பகுதிகளாகக் குறைத்துக்கொண்டு போனால் தொப்பி மூடிக்கொள்ளும்.

பிறகு உரிமை. மரியுஸ் என்ற சிவப்பு, வெள்ளை, நீலச் சுவெற்றரை நோர்வேயில் தெரியாதவர் இல்லை. உன் சொய்லாண்ட் அந்த வடிவத்தை 1953 இல் சாண்ட்னெஸ் கம்பளி ஆலைக்கு விற்றார். அதை முதலில் வரைந்தது யார் என்ற சர்ச்சை பின்னாளில் பெரிதாக எழுந்தது. செத்தெஸ்டால் பகுதியின் பழைய உருக்கள் அதில் இருக்கின்றன. பழைய உருக்கள் எல்லோருக்கும் பொது, அவற்றைச் சேர்த்து ஒருவர் ஆக்கிய புதிய ஆக்கம் அவருடையது. ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நோர்வேச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. எனவே கடையில் வாங்கிய வடிவத்தாளைப் பிரதி எடுத்துச் சுற்றத்தாருக்குப் பங்கிடாதீர்கள், வாட்ஸப் குழுவில் போடுவதும் அதே கணக்குத்தான். அந்த வடிவத்தில் பின்னியதைச் சந்தையில் விற்கப் போகிறீர்கள் என்றால் வடிவமைத்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

உங்கள் வடிவத்தை எழுதி வைக்கும்போது நூலின் பெயர், ஊசியின் அளவு, மாதிரித் துண்டின் எண்ணிக்கை, கட்டப்படம், ஆண்டு, உங்கள் பெயர் ஆகியவை இருக்கட்டும். கோலத்தைச் சொல்லித்தந்தவர் அம்மம்மா என்றால் அவரின் பெயரும் இருக்கட்டும். நோர்வேஜியர் செல்பு, செத்தெஸ்டால், பானா என்று வடிவத்துக்கு ஊரின் பெயரையே வைப்பார்கள். கொக்குவில் தொப்பி, பருத்தித்துறைக் கையுறை என்றும் வைக்கலாம்.