ஏழு நாள் அலமாரி

ஊத்துக்குளி ஆர்.எஸ். பக்கம் என் மாமா ஒரு சின்ன பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார். திருப்பூர் பனியன் கம்பெனிகள் வெட்டி அனுப்பும் பீஸ்களில் படம் அடித்துத் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கேட்டார்.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர்லயே கிடக்கறவன். பைல் அனுப்பறதுக்குக் காசில்லாம எது நல்லதுன்னு ஒண்ணு சொல்லு. கம்பெனிக்கு ஒருத்தன் ஒண்ணொண்ணச் சொல்றான்."

"அஞ்சு நிமிஷ வேலைங்க மாமா" என்றேன்.

அப்புறம்தான் கேட்கிற காரணத்தைச் சொன்னார். பழைய ஆர்டர் ஒன்று ரிப்பீட் வந்திருக்கிறது. மார்பில் ஐந்து கலரில் ஒரு படம். ஸ்கிரீன்களை எப்போதோ கழுவி வேறு டிசைனுக்குப் போட்டாயிற்று. பைலைத் தேடினால், மெயிலில் ஒரு இலவச சேவையின் லிங்க் மட்டும் இருந்தது. அழுத்தினால், ஏழு நாள் கெடு முடிந்து பல மாதம் ஆகிவிட்டது என்று வந்தது. சரி, யூனிட்டிலேயே ஒரு காப்பி இருக்குமே என்று பார்த்தால், டிசைன் பார்த்துக்கொண்டிருந்த பையன் எல்லாவற்றையும் தன் சொந்தக் கணக்கில் ஏற்றி வைத்திருந்தான். அவன் வேலையை விட்டுப் போய்விட்டான்; நம்பரையும் மாற்றிவிட்டான். கடைசியில் அந்தப் படம் கிடைத்த இடம், அத்தை அடுப்படி மேடை துடைத்துக்கொண்டிருந்த ஒரு சாம்பிள் பனியன். அதைத் துவைத்து, ஸ்கேன் பண்ணி, கலர் கலராகத் திரும்ப வரைந்து, ஸ்டிரைக்-ஆஃப் அடித்து, பையர் ஓகே வாங்குவதற்குள் சரக்கு தாமதம். அந்த ஜாப்பில் மாமாவுக்கு ஒன்றும் நிற்கவில்லை.

அஞ்சு நிமிஷ வேலை என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் படித்துக்கொண்டிருந்தேன். எது நல்லது என்ற கேள்விக்கு எத்தனை ஜிபி என்ற கணக்கில் விடை கிடைக்கவில்லை. இந்த இலவச இடங்கள் எப்படி வந்தன, எப்படிப் போயின என்று பார்த்தபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதற்கான முதல் முறையான நெறிமுறையை எழுதியவர் ஒரு இந்தியர். அபய் பூஷண். அலகாபாத்காரர், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் பேட்ச். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தபோது, 1971 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 114 என்ற ஆவணமாக அதை வெளியிட்டார். அதுதான் எஃப்.டி.பி. கல்லூரியில் அதைப் பாடமாகப் படித்தேன். எழுதியவர் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை.

எஃப்.டி.பி.யில் இருந்த எண்ணம் எளிமையானது. இந்தப் பக்கம் ஒரு கணினி, அந்தப் பக்கம் ஒரு கணினி. இரண்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கோப்பு இங்கிருந்து அங்கே போகும். இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும். நடுவில் யாருடைய அலமாரியும் கிடையாது.

அலமாரி வந்தது மின்னஞ்சலோடு. 1992-இல் நதேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற தரத்தை எழுதிய பிறகுதான் படம், ஒலி எல்லாவற்றையும் கடிதத்தோடு பொதுவான ஒரே முறையில் ஒட்டி அனுப்ப முடிந்தது. 1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜேக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். இலவசம், 2 எம்பி இடம். ஒரு ஃப்ளாப்பியில் 1.44 எம்பி பிடிக்கும். அதைவிடக் கொஞ்சம் பெரிய அலமாரி, அவ்வளவுதான். 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் 1 ஜிபி தருகிறோம் என்று ஜிமெயிலை அறிவித்தபோது, பலர் அதை முட்டாள்கள் தின விளையாட்டு என்றே நினைத்தார்கள்.

ஆனால் அலமாரி பெரிதானாலும் கதவு சின்னதாகவே இருந்தது. ஜிமெயிலில் இன்றைக்கும் ஒரு மெயிலோடு 25 எம்பிக்கு மேல் ஒட்டி அனுப்ப முடியாது. அதிலும் ஒரு சங்கதி உண்டு. மின்னஞ்சல் எழுத்துகளுக்காகப் பிறந்தது. படத்தை அனுப்ப வேண்டுமென்றால் மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றித்தான் ஏற்ற முடியும். கோப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்கிவிடும்.  முழு சைஸில், கலர் பிரித்து, லேயரோடு வைத்த ஒரு மார்புப் படம் சர்வசாதாரணமாக அந்த 25 எம்பியைவிடப் பல மடங்கு இருக்கும்.

இந்த இடைவெளியில்தான் லிங்க் சேவைகள் வந்தன. கோப்பை நடுவில் ஓரிடத்தில் ஏற்று. முகவரியை மட்டும் அனுப்பு. என் வயதுக்காரர்களுக்கு ரேபிட்ஷேர், மெகாஅப்லோட் பெயர்கள் மறந்திருக்காது. நொடிகள் குறைவதைப் பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் உட்கார்ந்திருப்போம். காசு கட்டினால் வேகம், கட்டாவிட்டால் காத்திருப்பும் விளம்பரமும்.

2012 ஜனவரி 19 அன்று அமெரிக்க நீதித்துறை மெகாஅப்லோடை முடக்கியது. திருட்டுப் படங்கள்தான் காரணம். ஆனால் அதே சர்வர்களில் தங்கள் சொந்த வேலையை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். தம் கோப்பைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதே, 2013-இல் அந்த சர்வர்களில் 630-ஐ வாடகைக்குக் கொடுத்திருந்த டச்சு நிறுவனம் அவற்றைத் துடைத்துவிட்டது. ரேபிட்ஷேர் 2015 மார்ச்சில் கடையை மூடியது.

இதற்கிடையில் 2008-இல் ட்ராப்பாக்ஸ் 2 ஜிபியோடு வந்தது. 2012-இல் கூகுள் டிரைவ் 5 ஜிபியோடு. அடுத்த வருடமே அது மெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து 15 ஜிபி ஆனது. இவை நிரந்தர அலமாரிகள். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய வீட்ரான்ஸ்ஃபர் இதற்கு நேர் எதிர். அப்போது கணக்குத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பல வருடம் 2 ஜிபி வரை ஏற்ற முடிந்தது. ஏழு நாளில் தானே அழிந்துவிடும்படி இருந்தது. டிசைனர்கள் அதை விரும்பியதற்குக் காரணம் சுலபம். பெரிய பைலை ஒருமுறை அனுப்பினால் போதும் என்பவருக்கு அதைவிட வசதி இருக்கவில்லை.

பிறகு 2020. இந்த வரலாற்றில் என்னை மிகவும் நிறுத்திய வருடம் இதுதான்.

மே மாதம், எல்லோரும் வீட்டில் அடைந்திருந்தபோது, இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவால் வீட்ரான்ஸ்ஃபர் இங்கே தடைசெய்யப்பட்டது. தேசநலன் அல்லது பொதுநலன் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஜூன் 29 அன்று 59 செயலிகள் தடையாயின. ஷேர்இட், ஜெண்டர் இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. போனிலிருந்து போனுக்குக் காசில்லாமல், டேட்டா இல்லாமல் படம் மாற்றிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு அவைதான் பழக்கம். மூன்றாவது ஃபயர்ஃபாக்ஸ் சென்ட். மொசில்லா 2019 மார்ச்சில் தொடங்கியது. பூட்டிய கோப்பை நடுவில் இருப்பவராலும் திறக்க முடியாது. என் கண்ணுக்கு அதுதான் இருந்ததிலேயே நேர்மையான சேவை. அந்தப் பூட்டையே வைரஸ் அனுப்புகிறவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 2020 ஜூலையில் நிறுத்தினார்கள். செப்டம்பரில் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்றை அரசு மூடியது. ஒன்று எல்லைப் பிரச்சினையோடு போனது. ஒன்றை ஆரம்பித்தவர்களே நிறுத்தினார்கள். எத்தனை ஜிபி என்று ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தவருக்கு இதில் எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்காது.

இது பனியன் கம்பெனிக் கதை மட்டுமல்ல. நாம் இங்கே எழுதுகிறோம், வாசிக்கிறோம். நமக்கு முன்னால் தமிழில் இணையத்தில் இலக்கியம் பேசியவர்கள் மரத்தடி, ராயர் காபி கிளப் என்று யாஹூ குழுமங்களில்தான் கூடினார்கள். இலவச இடம். 2019 இறுதியில் குழுமங்களில் சேர்ந்திருந்ததையெல்லாம் அழிக்கப்போவதாக யாஹூ அறிவித்தது. அடுத்த டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. யாரோ தன் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டதுதான் மிச்சம். கூகுளும் இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. இறந்துபோன ஒருவரின் கவிதைகள் அவர் டிரைவில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அனுப்புவது வேறு, வைத்திருப்பது வேறு. அபய் பூஷண் எழுதியது அனுப்புவதைப் பற்றி மட்டுமே. நடுவில் அலமாரி வந்த பிறகு நாம் இரண்டையும் குழப்பிக்கொண்டோம். போய்ச் சேர்ந்துவிட்டால் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தோம். ஊத்துக்குளியில் இதை நானெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஊரே வெண்ணெய்க்குப் பேர் போனது. என் அம்மாயி வெண்ணெயை அன்றன்றைக்கே அனுப்பிவிடும். வீட்டுக்கு வேண்டியதை உருக்கி நெய்யாக்கி வைத்துக்கொள்ளும். வெண்ணெயை யாரும் வருசத்துக்கு வைப்பதில்லை.

மாமாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று: மூலக் கோப்பு யூனிட்டில் இரண்டு ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு: கணக்கு யூனிட் பெயரில், பாஸ்வேர்டு மாமா கையில். டிரைவில் பகிர்ந்த பைல் ஏற்றியவருடைய சொத்து. அவர் அழித்தால் நமக்கும் போய்விடும். மூன்று: பையர் அடுத்த சீசனுக்கு ரகசியமாகக் கொடுத்த படம் என்றால், செவன்-ஜிப்பில் பூட்டி ஏற்ற வேண்டும், சாவியைப் போனில் சொல்ல வேண்டும். லிங்க் கையில் கிடைக்கிற யாரும் திறக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. நான்கு: வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அமுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும், 2 ஜிபி வரைக்கும். ஐந்து: லிங்க் வந்த அன்றைக்கே இறக்கி, திறந்து பார்த்து, ஆர்டர் நம்பர் போட்டு வைக்க வேண்டும்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"எல்லாஞ் சரி மாப்ள. எது நல்லதுன்னு கேட்டதுக்கு இதுல பதிலே இல்லியே?"

"எதுல வேணா அனுப்புங்க மாமா. இந்த அஞ்சையும் செஞ்சா, நாளைக்கே அந்தக் கம்பெனி மூடினாலும் உங்களுக்கு ஒண்ணும் போகாதுங்க."

தாளை கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டினார். அத்தையின் அந்த சாம்பிள் பனியனையும் துவைத்து மடித்து, ஹார்டு டிஸ்க் வைக்கிற டிராயரிலேயே வைத்திருக்கிறார். "இதும் ஒரு காப்பிதானே" என்றார். மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.