நிழலும் கல்வெட்டும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சின்ன வயதிலேயே கேள்விப்பட்டவர்கள் நாம். அன்று கோயிலைச் சுற்றிக் காட்டியவர்கள் சொன்னார்கள். இன்று வாட்ஸ்அப் சொல்கிறது. நானும் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பியவன்தான். என் பேத்தி பள்ளிப் பேச்சுப் போட்டியில் அதையே பேசினாள். "வெயிலில் நிழல் எப்படியம்மா விழாமல் இருக்கும்?" என்று நடுவர் கேட்டாராம். "தாத்தா சொன்னார்" என்றாளாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

யோசித்தால் விஷயம் எளிது. விமானம் ஏறக்குறைய 200 அடி உயரம். காலையில் நிழல் மேற்கே விழும், மாலையில் கிழக்கே. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நடுப்பகலிலும் வடக்கே நீளும். சித்திரை வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் சில நிமிஷங்கள் மட்டும் நிழல் அடிக்குள்ளேயே அடங்கும். கதை அங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

அதற்காக இணையத்தைத் திட்டிப் பயனில்லை. அந்தக் கோயில் கல்வெட்டுகளை ஹூல்ட்ஷ் படியெடுத்து 1891 முதல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியாக வெளியிட்டார். ஒரு காலத்தில் பெரிய நூலகத்தில்தான் பார்க்க முடியும். இப்போது அதே கைபேசியில் கிடைக்கிறது.

அதைப் பேத்தியோடு உட்கார்ந்து படித்தேன். தான் கொடுத்ததோடு அக்காள் குந்தவை கொடுத்ததையும், தேவியரும் மற்றவரும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுக்கிறான். செம்பு 3083 பலம். அதன் மேல் போர்த்திய பொன் தகடு 2926½ கழஞ்சு. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் பெயரும், யாருக்கு எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

யார், எப்போது, எவ்வளவு என்று மூன்றுக்கும் கல்வெட்டு பதில் சொல்கிறது. நான் அனுப்பிய செய்தியில் ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்போதெல்லாம் எதையும் அனுப்புமுன் இந்த மூன்றையும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த போட்டிக்கு அந்த 400 பெண்களைப் பற்றிப் பேசப் போகிறாளாம் பேத்தி.