தடிப்பும் திருத்தமும்

ஒரு பொருள் வளையாதிருக்க வேண்டுமாயின் அதனைத் தடிப்பாகச் செய்ய வேண்டுமென்பது உலகத்தாரின் பழைய எண்ணம். தொலைநோக்கி செய்தோரும் இதனையே வேதவாக்காகக் கொண்டிருந்தனர். நட்சத்திர ஒளியைத் திரட்டும் குழியாடியின் வடிவம், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உருவம் மங்கும். தொலைநோக்கி சாயுந்தோறும் ஆடி தன் பாரத்தாலேயே தொய்யும். ஆகவே, விட்டத்தோடு தடிப்பையும் கூட்டினர். 1975-ல் சோவியத் நாட்டில் இயங்கத் தொடங்கிய 6 மீட்டர் ஆடியின் எடை 42 டன்! பகலில் ஏறிய சூடும் அதில் எளிதில் தணிந்திலது.

இவ்வழக்கத்தை மாற்றியவர் ரேமண்ட் வில்சன் என்னும் ஆங்கில அறிஞர். ஆடி மெல்லியதாகவே இருக்கட்டும். வளைந்தால் அளந்து உடனுக்குடன் திருத்துவோம் என்பது அவர் துணிபு. நட்சத்திர ஒளியில் சிறிதைச் சிறு லென்சுகளின் வரிசை வழியே செலுத்தினால், ஒவ்வொன்றும் ஓர் ஒளிப்புள்ளியைக் காட்டும். புள்ளிகள் இடம் பெயர்ந்த அளவைக் கொண்டு கணினி ஆடியின் பிழையைக் கணித்து, ஆடியின் முதுகிலுள்ள தாங்கிகளுள் எது எவ்வளவு அழுத்த வேண்டுமெனக் கட்டளையிடும்.

1989-ல், ஐரோப்பிய நாடுகள் சிலி நாட்டு லா சில்லா மலையில் நிறுவிய 3.58 மீட்டர் தொலைநோக்கியில் இம்முறை அரங்கேறியது. ஆடியின் தடிப்பு 24 சென்டிமீட்டரே. அதனைச் சோதித்த கருவியில் 1.8 மில்லிமீட்டர் இடப்பிழை நேர்ந்தமையால், ஆடி தவறான வடிவில் தேய்க்கப்பட்டிருந்தது. ஆயினும், தாங்கிகளைக் கொண்டே அப்பிழையைப் போக்கினர். 1990-ல் விண்ணேறிய ஹப்பிள் தொலைநோக்கிக்கும் இத்தகைய பிழையே நேர்ந்தது. ஆனால் அதன் ஆடியை அங்ஙனம் திருத்த இயலாமையால், 1993-ல் மனிதரே விண்ணுக்குச் சென்று வேறு ஒளிக்கருவி பொருத்த வேண்டியதாயிற்று. 1998-ல் சிலியில் ஒளி கண்ட 8.2 மீட்டர் மெல்லிய ஆடியோ ஏறத்தாழ 23 டன்னே.

நிற்க, இந்தியாவின் நிலை யாது? வேணு பாப்புவின் பெருமுயற்சியால், வாணியம்பாடிக்கு அருகே காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அவர் 1982-லேயே மறைந்தார். அது பழைய தடிப்பு முறையினதே. எனினும் அதன் ஆடியைத் தேய்த்தவை இந்தியக் கைகள். முப்பது ஆண்டு கழித்து, 2016-ல், நைனிடாலுக்கு அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் ஆடி வந்தது. தடிப்பு 16.5 சென்டிமீட்டர், 69 தாங்கிகள் அதன் முதுகிலிருந்து வடிவைக் காக்கின்றன. ஆனால் ஆடி தேய்க்கப்பட்டது ருஷ்யாவில். தொலைநோக்கியைச் செய்தது பெல்ஜியம். கருவியை விலைக்கு வாங்கலாம். கைத்திறனைப் பயின்றே பெறவேண்டும்.

கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் பேரேடு எழுதும் எம்போன்றார்க்கு வில்சனின் கொள்கை புதிதன்று. பிழையே நேராத பேரேடு எங்குமில்லை; மாதந்தோறும் சரிபார்க்கப்படும் பேரேடே நம்பத்தக்கது. பிழை நேராதென்று இறுமாந்திருப்பதினும், அதனைக் காணும் கருவியும் களையும் வழியும் உடையராயிருத்தலே அறிவுடைமையாம்.