ஜாவாஸ்கிரிப்ட் அணி மடக்கு முறைகள்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஓர் அணியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையாளும் வழிகள் அணி மடக்கு முறைகள் எனப்படும். ஒரே வேலையைச் செய்வன போலத் தோன்றினும், திருப்பித் தரும் மதிப்பிலும் இடையில் நிறுத்தும் வசதியிலும் இவை வேறுபடுகின்றன. பொருந்தாத முறையைத் தேர்ந்தால் பிழைச்செய்தி ஏதுமின்றியே நிரல் தவறான விடை தரக்கூடும்.

வரலாறு

தொடக்கத்தில் ஃபார், வைல் போன்ற மடக்குகளே இருந்தன. 2005 இல் வெளியான ஃபயர்பாக்ஸ் 1.5 உலாவியில் ஃபார்ஈச், மேப், ஃபில்டர், சம், எவ்ரி ஆகியன இடம்பெற்றன. இவையும் ரெடியூஸ் முறையும் 2009 டிசம்பரில் எக்மாஸ்கிரிப்ட் 5 சீர்தரத்தில் சேர்க்கப்பட்டன. ஃபார்-ஆஃப் மடக்கும் ஃபைண்ட் முறையும் 2015 இல் வந்தன.

தேர்வு

ஒவ்வோர் உறுப்பையும் மாற்றிப் புதிய அணி ஒன்றைப் பெற மேப் ஏற்றது. சிலவற்றை மட்டும் பிரித்தெடுக்க ஃபில்டரும், கூட்டுத்தொகை போல ஒரே மதிப்பாகச் சுருக்க ரெடியூசும் பயன்படும். சம், எவ்ரி, ஃபைண்ட் ஆகியன விடை தெரிந்தவுடன் நின்றுவிடும். வெற்று அணிக்கு எவ்ரி 'உண்மை' என்றே விடை தரும் என்பது புதியவர்களுக்கு வியப்பளிப்பது.

ஃபார்ஈச் எதையும் திருப்பித் தருவதில்லை. இதனுள் பிரேக் கட்டளை செல்லாது. ரிட்டர்ன் அந்த ஒரு சுற்றை மட்டுமே முடிக்கும். பெரிய இடர் அவெயிட் கட்டளையுடன் நேர்கிறது. ஐந்து கோப்புகளைச் சேமிக்கும் ஒத்திசையாச் செயற்கூறு ஒன்றை ஃபார்ஈச்சிடம் கொடுத்தால், அது எதற்கும் காத்திராமல் ஐந்தையும் தொடங்கிவிட்டு உடனே முடிந்துவிடும். ஒரு கோப்புகூடச் சேமிக்கப்படாத நிலையிலேயே 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தி பயனருக்குத் தோன்றலாம். சேமிப்பு பின்னர் தோல்வியுற்றாலும், ஃபார்ஈச்சைச் சுற்றி எழுதிய டிரை-கேட்ச் அதைப் பிடிக்காது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய ஃபார்-ஆஃப் மடக்கே தக்கது. ஒரே நேரத்தில் செய்ய மேப் முறையுடன் பிராமிஸ்.ஆல் பயன்படுத்தலாம்.

பொதுவான தவறுகள்

ஃபார்-இன் மடக்கு பொருள்களின் பண்புப் பெயர்களுக்காக அமைந்தது, அணிகளுக்கு உகந்ததன்று. இது சுட்டெண்களைச் சரங்களாகத் தருவதால், முதல் சுட்டெண்ணுடன் 1 ஐக் கூட்டினால் 1 அன்று, "01" கிடைக்கும்.

மேப் தன்னிடம் கொடுக்கப்பட்ட செயற்கூறுக்கு உறுப்பை மட்டுமன்றிச் சுட்டெண்ணையும் அனுப்புகிறது. பார்ஸ்இன்ட் செயற்கூறோ இரண்டாவது மதிப்பை எண்ணடிமானமாகக் கொள்ளும். எனவே "10" என்ற சரம் மும்முறை உள்ள அணியில் மேப் வழியாக அதனை நேரடியாக இயக்கினால் 10, எண்ணல்லாத மதிப்பு, 2 என்பன விடையாக வரும்.

உறுப்பே இல்லாத இடைவெளிகளை ஃபார்ஈச் தாண்டிச் செல்லும். ஃபார்-ஆஃப் அவற்றை வரையறுக்கப்படாத மதிப்பாகத் தரும்.